மோட்டார் கொட்டகையில் நடந்தது

சிறை
9 நவம்பர் 2024

செம்மொழி,

அம்மா ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். நீ வரவில்லை. மதகில் வழுக்கி விழுந்து உன் வலது கை முறிந்துவிட்டது என்றாள். நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிறவள் நீ. உனக்கு மதகு வழுக்கியதா?

சங்கத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இளவழகன் சித்தப்பா கூட்டம் போட்டு, "அன்பரசன் செஞ்சதுக்கும் சங்கத்துக்கும் சம்பந்தம் இல்ல" என்று சொன்னாராம். நல்லது. வேலையற்றோர் சங்கம் என்று பெயர் வைத்து முதல் கொடி நட்டபோது குழி வெட்டியவன் நான். வருகிற வேலையை வீட்டு முறைப்படி பிரித்துக்கொள்வது, வேலைக்குப் போன வீடு பொதுப்பானையில் அரிசி போடுவது, போகாத வீடு வெட்கப்படாமல் வந்து கஞ்சி வாங்கிக்கொள்வது. எல்லாம் சரிதான். பிரித்துக்கொள்ள வேலை எங்கே இருந்தது? அறுப்புக்கு மிஷின், நடவுக்கு மிஷின். மிஷின் இறங்காத சேற்று வயலுக்கு நிலக்காரன் ராஜ்குமார் வங்காளத்திலிருந்து ஆள் கொண்டுவந்து இறக்கினான். நம் தெருப் பெண்கள் கரையில் நின்று, தாங்கள் நட்டுவந்த வயலில் வேறு ஆட்கள் நடுவதைப் பார்த்தார்கள். சித்தப்பா அப்போதும் "பேசுவோம்" என்றார். அவர் பேசிக்கொண்டே இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். அக்டோபர் 28, திங்கட்கிழமை, தீபாவளிக்கு முந்தின திங்கள். அன்று மதியம் நீயும் நானும் நீடாமங்கலம் ஜங்ஷனில் இருந்தோம். தஞ்சாவூர் போகிற அத்தையை ரயிலேற்றி விட்டோம். ரயில் தாமதம். உனக்குப் பசி என்று டீயும் பன்னும் வாங்கித் தந்தேன். பன்னை நீ டீயில் நனைத்துத் தின்றாய். பொழுது சாயும்போதுதான் வீட்டுக்குத் திரும்பினோம். இதெல்லாம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். வக்கீல் வீட்டுக்கு வருவார். அவரிடம் இப்படியே சொல். வக்கீலுக்கு யார் ஏற்பாடு செய்தார்கள் என்று கேட்காதே.

இங்கே எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படிப்பார்கள். அதை மனதில் வைத்து எழுது.

அன்பரசன்


பெருங்கண்டம், வாய்க்கால்தெரு
17 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகும். ஒரு வரி எழுதிவிட்டுக் கையை உதறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை.

உன்னைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள் மறுபடியும் போலீஸ் வந்தது. கூட இருந்தவர்களைக் காட்டு என்று வீடு வீடாகப் புகுந்து ஆண்களை இழுத்து அடித்தார்கள். நம் எதிர்வீட்டுப் பரிதி அண்ணனுக்கு அன்றிலிருந்து காது கேட்கவில்லை. இந்த வருஷம் தெருவில் யாரும் வெடி வெடிக்கவில்லை.

போன வியாழக்கிழமை ராஜ்குமாரின் ஆட்கள் பட்டப்பகலில் வந்தார்கள். பொதுப்பானையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னத் பீவி அக்கா அகப்பையோடு நின்றார்கள். கூத்தாநல்லூரிலிருந்து வாழ வந்து, நம் எல்லோருக்கும் சமைத்துப் போடுகிற அக்காவுக்குப் பயம் என்பதே தெரியாது என்று உனக்கும் தெரியும். "டேய், பசிச்சா கேட்டு வாங்கித் தின்னுட்டுப் போங்கடா. பானைய ஏன்டா மொறைக்கிறீங்க?" என்றார்கள். ஒருவன் காலால் எத்தினான். கொதிக்கிற கஞ்சி அக்காவின் இரண்டு காலிலும் கொட்டியது. சேலையைப் பிரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. பிறகு கீற்றுக்கொட்டகையில் நெருப்பு வைத்தார்கள். வைத்துக்கொண்டே ஒருவன் கத்தினான்: "தெரு ஓட்டு மொத்தமும் ஒரே சின்னத்துக்குன்னு பேசுனீங்களாமே? எங்கண்ணன எதுத்துப் பஞ்சாயத்துத் தலைவருக்கு நிப்பீங்களா? நில்லுங்கடி பாப்போம்!"

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்கப் போனோம். "கஞ்சி கொழையலன்னு தினம் ஒரு பொலம்பல் பொலம்புவீங்களே, இப்ப எங் காலே கொழைஞ்சு போச்சு, திருப்திதானே?" என்றார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

வக்கீல் வந்தார். ராஜ்குமாரின் காரில்தான் வந்து இறங்கினார். அண்ணா, நம் கொட்டகைக்கு நெருப்பு வைத்தவன் உனக்கு ஏன் வக்கீல் வைக்கிறான்?

"தங்கச்சி, கோர்ட்ல என்ன சொல்லணும்னு தெரியுமில்ல?" என்று அவர் கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். "என்னம்மா, ஊமையா இது?" என்றார். "கூச்சம் சார். நான் சொல்லிக் குடுத்துக்கறேன்" என்று அம்மா சொன்னாள்.

விரல் போன அந்த வங்காளத்து ஆளின் பெயர் பிமல். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றுகிற விரல்கள்.

டீயும் பன்னும் எனக்கு நினைவில்லை.

செம்மொழி


24 நவம்பர் 2024

செம்மொழி,

இதை விடுதலையாகிப் போகிற ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். படித்ததும் அடுப்பில் போடு.

நினைவில்லை என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? கொலை முயற்சி என்று வழக்கு. வெளியே வரும்போது எனக்குத் தலை நரைத்திருக்கும். நீ ஒரு வார்த்தை சொன்னால் நான் வெளியே. நீ ஒரு நாளைக்குப் பேசுவதே நாலு வார்த்தை, அதில் ஒன்றை எனக்காகச் செலவு செய்ய முடியாதா?

ராஜ்குமார் கெட்டவன் என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று காலை டாஸ்மாக் வாசலில் என்னைத் தேடி வந்து பேசியது அவன்தான். "உங்க தெருப் பொம்பளைங்க கரையில நிக்கறதப் பாத்து அவனுங்க என்ன சொல்லிச் சிரிக்கிறானுங்க தெரியுமாடா?" என்றான். சொன்னான். அதை உனக்கு எழுத முடியாது. அதில் அம்மாவும் இருந்தாள், நீயும் இருந்தாய். பாட்டிலை அவன்தான் உடைத்துக் கொடுத்தான். பைக்கின் பக்கத்துப் பெட்டியிலிருந்து அருவாளும் அவன்தான் எடுத்துக் கொடுத்தான்.

நாங்கள் நாலு பேர். மோட்டார் கொட்டகைக்குள் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். வெளியே வெயில், உள்ளே இருட்டு. ஆள் முகம் தெரியவில்லை. முதலில் எழுந்தவன் மேல் வீசினேன். அவன் கையை முகத்துக்கு நேராகத் தூக்கினான். வெட்டு விழுந்தபோது அருவாள் எலும்பில் மாட்டி இழுத்தது. அந்த இழுப்பு இன்னும் என் தோளில் இருக்கிறது. அப்புறம் அருவாள் நழுவிவிட்டது. கையில் அகப்பட்ட மண்வெட்டியைத் திருப்பிக் காம்பால் அடித்தேன். கதவுப் பக்கம் நீலக் கட்டம் போட்ட சட்டையும் தலையில் துண்டுமாக ஒருவன் குனிந்திருந்தான். அவனை இரண்டு அடி. எல்லோரும் அவர்கள் பாஷையில் அலறினார்கள். அவன் மட்டும் ஒரு சத்தமும் போடவில்லை. தூங்கினால் அவன்தான் வருகிறான், அந்தச் சத்தமில்லாதவன்.

போதும். வக்கீல் சொல்வது இதுதான்: அன்று நான் ஜங்ஷனில் இருந்தேன் என்று நீ சொல். ஆட்களைத் திரட்டி அனுப்பியது இளவழகன் என்று மற்ற மூன்று பேரும் சொல்வார்கள். சங்கத் தலைவர் என்றால் யாரும் நம்புவார்கள். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு வரட்டும். சங்கம் போனால் போகட்டும். அந்தச் சங்கம் எனக்கு என்ன செய்தது?

அம்மாவை நினைத்துப் பார். அப்பா இல்லாத வீடு.

அண்ணன்


பெருங்கண்டம்
5 டிசம்பர் 2024

அண்ணா,

இந்தக் கடிதத்தைத் தபாலில்தான் போடுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

நீலக் கட்டம் போட்ட சட்டை உன்னுடையதுதான். காலர் கிழிந்ததும், "நடவுக்குப் போட்டுக்க பாப்பா, சேலைல சேறு படாது" என்று நீயே கொடுத்தாய். நடவுக்குப் போகிற எல்லாப் பெண்களையும் போல அதைச் சேலைக்கு மேல் போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தேன். நான் மதகில் விழவில்லை.

நான் எப்படி அங்கே வந்தேன் என்று நீ கேட்பாய். சொல்கிறேன்.

அந்த ஆட்களிடம் பேசுவது என்று சங்கத்தில் முடிவானது. ஆண்கள் போனால் ராஜ்குமாரின் மேஸ்திரி பார்த்துவிடுவான். நடவு உடுப்பில் ஒரு பெண் போனால் தூரத்திலிருந்து யாரென்று தெரியாது. யாரை அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது ஜன்னத் பீவி அக்கா என்னைக் காட்டி, "இவள அனுப்புங்க. இவளுக்கு இந்தியும் பேச வராது, தமிழும் பேச வராது. எந்த ரகசியமும் வெளிய போவாது" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் போனேன். பொதுப்பானைக் கஞ்சியைத் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு நாலு நாள் போனேன்.

அவர்களும் பட்டினிதான் அண்ணா. வந்த நாளிலிருந்து ராஜ்குமார் கூலி தரவில்லை. ஆதார் கார்டையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டான். பிமல் திருப்பூரில் மில்லில் இருந்தவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். நீங்கள் வந்த அன்று அவர்தான் சொன்னார்: "தங்கச்சி, நாளைக்கு நாங்க வயல் எறங்க மாட்டோம். உங்க ஆளுங்க கூட கரையில உக்காருவோம். சங்கத்துல சொல்லு." இளவழகன் சித்தப்பா அவர்களையும் நம் முறையில் சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். நம் தெருவும் அவர்களும் ஒன்றாக உட்கார்ந்தால் ராஜ்குமாருக்கு நடவுக்கு ஒரு ஆளும் கிடைக்காது. முந்தின நாள் மேஸ்திரி என் தூக்கைப் பார்த்துவிட்டான். மறுநாள் காலையில்தான் ராஜ்குமார் உன்னைத் தேடி வந்திருக்கிறான். அவர்கள் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர்கள் இல்லை.

நான் குனிந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு இடிபட்டது. பிமல் எழுந்தார். அருவாள் இறங்கியது. அவர் விரல் ஒன்று கஞ்சித் தூக்கில் விழுந்தது. அதற்குப் பிறகு என் கை. முதல் அடியில் எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடி அதே இடத்தில். கீழே கிடந்தபடி உன் கால்களைப் பார்த்தேன். நீ வாசலைத் தாண்டி வாய்க்காலில் இறங்கி ஓடினாய்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். முறிந்த கையோடு வீட்டுக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னதும் என் வாயில் அறைந்தாள். "மதகுல வுழுந்தேன்னு சொல்லு. சொல்லுடி!" என்றாள். பிறகு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் நான் மதகில்தான் விழுந்தேன். உனக்காக அப்படியே விழுந்து கிடந்திருப்பேன்.

ஆனால் சனிக்கிழமை வெண்ணாற்றுப் பாலத்தில் சித்தப்பாவின் சைக்கிள் மேல் ராஜ்குமாரின் ஆட்கள் ஜீப்பை ஏற்றினார்கள். விழுந்தவரை இரும்புக் குழாயால் அடித்தார்கள். இரண்டு முழங்காலும் நொறுங்கிவிட்டன. அவர் பிமலுக்கு அடுத்த வார்டில் கிடக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். மற்ற மூன்று பேரும் அவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். நீ ஜங்ஷனில் இருந்தாய் என்று நான் சொன்னால், அந்தப் போலீஸ்காரர் அவருக்கு விலங்கு மாட்டுவார். காலில்லாதவருக்கு விலங்கு.

டிசம்பர் 16, திங்கட்கிழமை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நான் வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன். பார்த்ததைச் சொல்வேன். அதை நீ வேறு யார் மூலமாகவும் தெரிந்துகொள்ளக் கூடாது.

செம்மொழி


சிறை
12 டிசம்பர் 2024

பொய்.

பொய் சொல்கிறாய். உனக்குச் சொல்லிக்கொடுத்து எழுத வைத்திருக்கிறார்கள். என் சட்டையைப் போல ஊரில் நூறு சட்டை இருக்கும்.

நீயாக இருந்தால் ஏன் கத்தவில்லை? "அண்ணா" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் என் கை அப்படியே நின்றிருக்கும். பிறந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டே இருந்தாய். அடி விழும்போதுமா? பாம்பு கடித்தால்கூடச் சொல்லமாட்டாயா? உன் கை உடைந்ததற்கு நான் பாதிக் காரணம் என்றால் உன் வாய் பாதிக் காரணம். இப்போது மட்டும் பேச வந்துவிட்டதா? அதுவும் கோர்ட்டில்? அதுவும் எனக்கு எதிராக?

திங்கட்கிழமை நீ வாயைத் திறந்தால் உனக்கு அண்ணன் இல்லை. நான் வெளியே வரும் நாளில் நீ அந்தத் தெருவில் இருக்காதே. என் கையில் மறுபடியும் எது அகப்படும் என்று எனக்கே தெரியாது.

எந்தக் கை? அம்மா சொன்னது போல வலது கைதானா? இனி எழுத வருமா?


பெருங்கண்டம்
18 டிசம்பர் 2024

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா. என் குரல் வெளியே வரவில்லை. தண்ணீர் கொடுத்தார். "யாரும்மா அடிச்சது?" என்றார். "எங்கண்ணன்." "சத்தமாச் சொல்லுங்க." "எங்கண்ணன் அன்பரசன்." அதற்குப் பிறகு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. தட்டச்சு செய்கிறவர் "மெதுவா, மெதுவா" என்றார். என்னைப் போய் ஒருவர் மெதுவாகப் பேசச் சொன்னார்.

வெளியே வந்து பஸ் ஏறினேன்.

ஏன் கத்தவில்லை என்று கேட்டாய். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பயத்தில் வாய் அடைத்துவிட்டது என்று நீ நினைக்கிறாய். இல்லை. கதவு திறந்ததுமே அது நீதான் என்று எனக்குத் தெரியும். உன் நடை எனக்குத் தெரியாதா? "அண்ணா" என்று வாய் வரை வந்தது. அதற்குள் பிமல் மேல் வெட்டு விழுந்துவிட்டது. இருட்டில் உங்கள் யாரையும் அவர்களுக்கு அடையாளம் தெரியாது. நான் அண்ணா என்று கூப்பிட்டால் வெட்டியது யார் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். சேலைத் தலைப்பைப் பல்லுக்குள் திணித்துக்கொண்டேன். இரண்டாவது அடிக்கும் திணித்துக்கொண்டுதான் இருந்தேன். உன்னைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடினேன். நீ பாதிக் காரணம் என்கிற என் வாய் அப்படித்தான் மூடியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தெருமண்ணை அள்ளி என் தலையில் போட்டாள். "எம் புள்ளைய உள்ள தள்ளிட்டியேடி பாவி" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அவள் அடித்துக்கொண்டிருக்கும்போதே ராஜ்குமாரின் ஆட்கள் தெருவுக்குள் வந்தார்கள். முதலில் கல். ஒரு கல் என் புருவத்தைக் கிழித்தது. "அந்த ஊமைச்சிய வெளிய அனுப்பு" என்று ஒருவன் வாசலில் கால் வைத்தான். அதுவரை என்னைச் சபித்துக்கொண்டிருந்த அம்மா கூரை எறவாணத்தில் செருகியிருந்த கதிரருவாளை உருவிக்கொண்டு போனாள். "எம் மவள நான் வெட்டுவேன், கொல்லுவேன். நீங்க யாருடா அவளத் தொட?" என்று வீசினாள். அவன் தோளில் பட்டது. ரத்தம் அவள் முகத்தில் தெறித்தது. பரிதி அண்ணன் உலக்கையோடு வந்தார். பிமலோடு வந்தவர்கள் இப்போது நம் தெருவில்தான் தங்கியிருக்கிறார்கள், அவர்களும் ஆளுக்கொரு கம்போடு வந்தார்கள். பெண்கள் பானையில் இருந்த வெந்நீரை வீசினார்கள். அடிக்க வந்தவர்கள் ஜீப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். எங்களிலும் ஆறு பேருக்குத் தையல்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. கஞ்சியை என் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

கொட்டகைக்குள் நான் பார்த்தது உன்னைத்தான், அதனால் உன் பெயரைச் சொன்னேன். அருவாளைக் கொடுத்தவனை நான் பார்க்கவில்லை. பாட்டிலை உடைத்தவனை நான் பார்க்கவில்லை. உன் கடிதத்தையும் நீ சொன்னபடி அடுப்பில் போட்டுவிட்டேன். அவன் பெயரைச் சொல்ல உன் ஒருவனால்தான் முடியும். சொல்லாவிட்டால் அவன் தலைவராகி நம் தெரு வழியாக மாலையோடு வருவான். நீ உள்ளே நரைப்பாய்.

எழுத வருமா என்று கேட்டாய். வலது கையின் விரல் மடங்கவில்லை. இடது கை பழகிவிட்டது. எழுத்து முன்பைவிடக் கொஞ்சம் நேராக வருகிறது, பார்த்தாயா?

உன் தங்கச்சி
செம்மொழி


சிறை
27 டிசம்பர் 2024

பாப்பாவுக்கு,

இதைப் படித்துவிட்டு அனுப்பப் போகிற அய்யாவுக்கும் வணக்கம். ஒரு வரியையும் அடிக்காமல் அனுப்புங்கள்.

வக்கீல் வந்தான். "உன் தங்கச்சி சொன்னத ஒடைச்சிரலாம், கவலப்படாத. அவளுக்குப் புத்தி சரியில்லன்னு நீயும் உங்கம்மாவும் எழுதிக் குடுங்க, டாக்டர் சர்டிபிகேட்டு நான் வாங்கறேன்" என்றான். பேனாவை எடுத்து என் கையில் வைத்தான். நான் அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து முகத்தை மேசையில் மோதினேன். மூக்கு உடைந்தது. பிறகு எனக்கு நன்றாகக் கிடைத்தது. முன்பல் இரண்டு இல்லை. இடது விலாவில் மூச்சு விட்டால் குத்துகிறது.

வக்கீல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜனவரி 2ஆம் தேதி என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். வெட்டியது நான் என்று சொல்வேன். என் தங்கச்சி கையை உடைத்தது நான் என்று சொல்வேன். அருவாளைக் கையில் வைத்தது ராஜ்குமார் என்று சொல்வேன். எந்தக் கடை வாசல், எந்த வண்டி, கூட நின்றது யார், எல்லாம் சொல்வேன். நேற்றுக் குளிக்கும் இடத்தில் ஒருவன் என் காதில் வந்து, "உன் தங்கச்சிக்கு இன்னொரு கை இருக்காமே?" என்றான். அவன் தலையைத் தொட்டிச் சுவரில் இடித்தேன். ஆனால் இங்கே இடித்து என்ன பயன், நீ அங்கே இருக்கிறாய்.

சித்தப்பாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். பிமலிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் சொல்லவும் தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், அசிங்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

2ஆம் தேதிக்குள் அவர்கள் மறுபடி வருவார்கள். தனியாக வயலுக்குப் போகாதே. அம்மா பேசாவிட்டாலும் அவள் பக்கத்திலேயே படு. யார் வந்தாலும், நானே வந்து நின்றாலும், வாயில் துணியை வைத்துக்கொள்ளாதே. கத்து, செம்மொழி. தெரு முழுக்க எழுந்து வரும்படி கத்து.

அன்பரசன்